தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம்

முல்லைத்தீவில் அண்ணன் சின்னராசாவின் வீட்டுச் சுவரில் கனகலிங்கம் சைக்கிளைச் சாத்தியபோது, துள்ளுகிற மீன் பொரிந்தே விழும்போல் வெயில். 1959ஆம் ஆண்டுச் சோளகக் காற்றுக் காலம். உள்ளே, சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து சாய நெடி.

போன வருஷம் வந்து தங்கிய வெள்ளைக்காரன் ஒருவன் வரைந்து கொடுத்துவிட்டுப் போன படம் அது. ஏழு கடலுக்குப் போதுமான நீலத்தை ஒரே கடலுக்கு அப்பியிருந்தான். மணலுக்கு மஞ்சளும் ஊதாவும். கிட்டப் போனால் வெறும் சாயத் திட்டுகள். தள்ளி நின்றால் கரை, தென்னைகள், இதே வீடு.

கடலுக்குப் போன சின்னராசா ஒரு மாதமாக வரவில்லை. உடலும் கரையொதுங்கவில்லை. அப்படிப்பட்டவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பது வழக்கம். அதற்காகத்தான் கனகலிங்கம் புதுக்குடியிருப்பிலிருந்து வந்திருந்தான். அழுகை தீர்ந்து, பல்லுப் பிடுங்கிய ஈறுபோல் உள்ளே மரத்துக் கிடந்தது.

"நாளைக்கு எரிக்க வேண்டாம், தம்பி," என்றாள் அண்ணன் மனைவி விமலேஸ்வரி, மெல்ல. "அவர் வந்துகொண்டிருக்கிறார்."

"எங்கை?"

"படத்திலை. முதலிலை கடலுக்கை ஒரு புள்ளி. நேற்று வள்ளம் கரைக்கு வந்திட்டுது. இண்டைக்கு மணலிலை நடக்கிறார்."

கனகலிங்கம் மூக்கு முட்டப் பார்த்தான்.

"வெறும் சாயம், மச்சாள். கோழி கிளறின மாதிரிக் கிடக்கு."

"தள்ளி நிண்டு பாருங்கோ."

"சாயத்துக்குக் கிட்ட என்ன, தூரம் என்ன? ஐயருக்கும் சொல்லியாச்சு."



மறுநாள் உச்சி வெயிலில், கடற்கரையில், புல்லுருவத்துக்கு அவனே கொள்ளி வைத்தான். எரிந்தது ஒரு பிடி புல். புகையோ வற்றாப்பளைக்குப் போய்த் திரும்பி வருமளவுக்கு எழுந்தது.

அதில் புல் மணக்கவில்லை. சாயம் மணத்தது.

முழுகிய ஈரத்தோடு திரும்பியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அங்கிருந்து படம் தெரிந்தது. முதல்முறையாகத் தள்ளி நின்று பார்த்தான்.

மணலில் வள்ளம்.

வள்ளத்திலிருந்து வீடு வரை காலடிகள்.

பூட்டிய கதவைத் தட்டக் கை உயர்த்தியபடி ஒரு மனிதன். தலையிலிருந்து கால்வரை கரி.

கிட்ட ஓடினான். வெறும் கறுப்புத் திட்டு. தொட்டான். விரல் சுட்டது.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாம்," என்றாள் விமலேஸ்வரி. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வாசற்கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய்ச் சாப்பாட்டுக்கு மூன்று வாழையிலை போட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

கனகலிங்கம் திறந்தான். யாருமில்லை. கதவின் வெளிப்பக்கத்தில், தட்டுகிற உயரத்தில், விரல் முட்டிகளின் கரி.

அங்கே நின்றபடியே படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

படத்துக் கதவும் திறந்திருந்தது. வாசலில் ஆளில்லை.

குசினிக்குள் விமலேஸ்வரி சொல்வது கேட்டது:

"கையைக் கழுவிட்டு இருங்கோ. கரியாக் கிடக்கு."