சேதப் பிரிவு

திண்டிவனம் கிடங்கில் எந்தப் பெட்டியும் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. ஆலையிலிருந்து வரும் குழந்தைப் பால்மாவு இறங்கிய கையோடு வேறு லாரியில் ஏறிவிடும். எந்த வீட்டில் எந்தக் காலையில் டப்பா காலியாகும் என்பதைத் தேவைக்கணிப்பி என்ற கணினி முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற உற்பத்தி ஆணையையும் ஆலைக்கு அனுப்பிவிடுகிறது. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் அடையாளச் சில்லுகள்தான் அதற்குக் கண். அது வந்த ஒன்பது ஆண்டுகளில் தாய்மார்கள் இரண்டாவது டப்பா வாங்கி வைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். புது வீடுகளில் சமையலறை அலமாரி கட்டுவதில்லை. கேட்டால் இடம் மிச்சமாம். என்ன மிச்சமோ!

கிடங்கின் தலைமை அதிகாரியாக வந்த மூன்றாம் நாள், சுகிர்தா பேட்டரி அறைக்குப் பின்னாலிருந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றிலும் சில்லு இல்லை.

"இது என்ன, பொன்ராஜ்?"

மேற்பார்வையாளர் பொன்ராஜ் தலையைச் சொறிந்தார். "சேதம்னு எழுதினது மேடம்."

"ஒண்ணுகூட நசுங்கலையே?"

"நசுங்கினதா எழுதிக்கறதுதான். மழைன்னா லாரி வராது. வெள்ள நிவாரண முகாம்ல இருந்து ஆளுங்க வந்து கேட்டுல நிப்பாங்க. அப்ப புதுச் சில்லு ஒட்டி, சேதத்துல தேறினதுன்னு அனுப்பிடுவோம். எல்லாக் கிடங்குலயும் இருக்கு மேடம். கணிப்பிக்கு மட்டும்தான் தெரியாது."

சுகிர்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராணிப்பேட்டையில் பத்து வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள் அவள். கணக்கில் வராமல் கிடந்து காலாவதியான ஒரே ஒரு டப்பா ஒரு குழந்தையை என்ன பாடு படுத்தியது என்று கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"பச்சைக் குழந்தைங்க குடிக்கறது. இதுல ஒளிவு மறைவே கூடாது."

அன்றைக்கே எல்லாப் பெட்டிகளின் தேதியையும் சரிபார்த்துப் புதுச் சில்லு ஒட்ட வைத்தாள். பழைய சேதப் பதிவுகளை அழிக்கப் போனபோது பொன்ராஜ் குறுக்கே வந்து நின்றார். "அதை அழிச்சா ஏன்னு காரணம் எழுதணும் மேடம். என்னோட சேர்த்து ஏழு பேருக்கு வேலை போயிடும்." ஏழு குடும்பத்தின் சோற்றில் மண் போட அவளுக்கு மனசு வரவில்லை. பெட்டிகளைக் 'கண்டெடுத்தவை' என்று புதிதாகப் பதிந்தாள். சேதப் பதிவில் கை வைக்கவில்லை. பெட்டிகள் இரண்டே நாளில் கடைகளுக்குப் போய்விட்டன. அந்த மாதச் செயல்திறன் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

கார்த்திகை இரண்டாம் வாரம் புயல் மழை பிடித்துக்கொண்டது. கடலோர முகாமிலிருந்து ஒரு செவிலியர் போனில் அழாத குறையாகப் பேசினார். "நாப்பத்தி மூணு கைக்குழந்தைங்க இருக்காங்க மேடம். எல்லாமே டப்பாப் பால் குடிக்கறதுங்க. ஓடி வரும்போது எடுத்துட்டு வர ஒருத்தர் வீட்டுலயும் மாவு இல்ல."

கிடங்கில் ஒரு பெட்டியும் மிச்சமில்லை. சுகிர்தா கணிப்பியிடம் அவசர உற்பத்தி கேட்டாள்.

'தேவையில்லை. திண்டிவனத்தில் 312 பெட்டிகள் உள்ளன' என்றது திரை.

"எங்கே?" என்று தட்டினாள்.

'சேதப் பிரிவில்.'

கணிப்பிக்குத் தெரியாது என்று யார் சொன்னது? ஒன்பது மழைக்காலங்களில், சேதமானதாக எழுதிய பெட்டிகள் முழுசாகத் திரும்பி வந்ததை அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பொய் என்றெல்லாம் அது நினைக்கவில்லை. சேதம் என்பதும் ஒருவகை இருப்பு என்று கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். அவள் விற்றுத் தீர்த்த அதே பெட்டிகளை நம்பி ஆலையைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தது.

சேதப் பதிவை அப்போதே அழித்தாள். இந்த முறை பொன்ராஜ் குறுக்கே வரவில்லை. ஆலை ஓடத் தொடங்கியது. ஆனால் பால்மாவு செய்து, சோதித்து, அடைக்க மூன்று நாளாகும். முகாமில் அதுவரை அரிசிக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். நாற்பத்திரண்டு குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. பிழைக்காத குழந்தையின் பெயர் இலக்கியன். பிறந்து மூன்று மாதம். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு சுகிர்தாவுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. நாம்தான் கொன்றோம் என்று அவள் நினைத்தாள். வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை. விசாரணைக் குழு பழியை மழை மேல் போட்டுவிட்டுப் போனது.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வரதன் பேசினார். "எழுத்துல எதுவும் வேண்டாம்மா. பழையபடி கொஞ்சம் சேதம் வச்சுக்குங்க. எல்லாக் கிடங்குக்கும் சொல்லியாச்சு."

முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பாள். இப்போது மறுபேச்சில்லாமல், நல்ல பெட்டிகளில் முந்நூறைத் தன் கையாலேயே சேதம் என்று பதிந்து தார்ப்பாய்க்குள் வைத்தாள். இனி எந்தக் குழந்தைக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிராது என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மறுநாள் காலை ஆலைக்குப் போன உற்பத்தி ஆணையில் முந்நூறு பெட்டிகள் குறைந்திருந்தன.

தற்செயல்தான் என்று நினைத்து மேலும் இருநூறு பதிந்தாள். அடுத்த நாள் ஆணையில் மேலும் இருநூறு குறைந்தது.

சுகிர்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒளித்து வைத்ததையும் இருப்பில் சேர்த்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஆலையின் கையைக் கணிப்பி கட்டிப்போடுகிறது. அப்படியென்றால் தார்ப்பாய்க்குள் இருப்பது உபரி இல்லை. ஏதோ ஒரு வீட்டுக்கு நாளைக் காலை போக வேண்டிய டப்பா.

அதை வெளியே எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். மறுபடி மழை வரும் என்று வானிலைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அப்போது விழுப்புரம் கிடங்கின் தலைவர் போனில் வந்தார்.

"மேடம், ஆலையிலிருந்து வரத்தே குறைஞ்சு போச்சு. கடைகள்ல டப்பா இல்லாம ஜனங்க சத்தம் போடுறாங்க. உங்ககிட்ட சேதம் ஏதாச்சும் இருந்தா ஒரு அம்பது பெட்டி குடுங்களேன்."

ஐந்நூறு பெட்டிகள் அவள் கண் முன்னால்தான் இருந்தன.

"ஒண்ணுகூட இல்லீங்க," என்றாள் சுகிர்தா.

"நேத்து செஞ்சிக் கிடங்குக்காரங்க கேட்டப்ப நானும் இப்படித்தான் மேடம் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.