ஒன்பதாவது பிரிவை எடுத்துடு!

டெலிபோன் அலறியது.

காலை ஒன்பது ஐம்பது. பாராளுமன்றக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. கமிட்டி அறையின் நீள மேஜையில், அச்சு மை வாடை மாறாத மசோதாப் பிரதிகள் அடுக்கடுக்காக இருந்தன.

டீச்சர் ரிசீவரை எடுத்தாள்.

எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பதினாறு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு எம்.பி. ஆனவள். இப்போது எம்.பி.க்களின் சலுகைகளைச் சீர்திருத்தும் கமிட்டிக்குத் தலைவி. அதாவது, ஐநூறு பேருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரே விலாசம்!

"ஹலோ..."

"பதினோரு மணிக்கு மசோதாவைத் தாக்கல் பண்ணப் போறியா?"

வாயில் துணியை வைத்துப் பேசுகிற கரகரப்புக் குரல்.

"யார் பேசறது?"

"உன்னால சீட்டு போகப் போறவன்! ரெண்டு தடவைக்கு மேல எவனும் எம்.பி. ஆகக் கூடாதா? அந்த ஒன்பதாவது பிரிவை எடுத்துடு. இல்லேன்னா சபைக்கு நீ நடந்து போக மாட்டே... உன்னைத் தூக்கிட்டுத்தான் போவாங்க!"

டொக்.

"யாரு டீச்சர்?" இருமிக்கொண்டே கேட்டாள் உதவியாளர். எட்டு வருஷமாகக் கூடவே இருப்பவள்.

"எவனோ மிரட்டறான். இந்த வாரத்துல ஏழாவது ஆளு."

"போலீஸ்ல சொல்லிடலாம் டீச்சர். எனக்கு பயமா இருக்கு."

"முதல்ல உன் இருமலைப் பாரு. மூணு நாளா சொல்றேன், கேக்கறியா? என் ஃப்ளாஸ்க்ல வெந்நீர் இருக்கு. ஊத்திக் குடி."

உதவியாளர் மூடியைத் திருகி ஊற்றினாள். இரண்டு மடக்கு குடித்தாள்.

"டீச்... சர்... தொண்டை... எரியுது..."

கோப்பை உருண்டது. மசோதாக்களின் மேலேயே சரிந்தாள். கண்கள் திறந்தே இருந்தன. அவ்வளவுதான், முடிந்தது!

டீச்சரின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

பாதுகாப்பு அதிகாரி இரண்டே நிமிஷத்தில் வந்தார். ஃப்ளாஸ்க்கை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"விஷம்! இது உங்க ஃப்ளாஸ்க்கா மேடம்?"

"ஆமா... எனக்கு வச்சது. பாவி நான்தான் எடுத்துக் குடுத்தேன்!" டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் உங்க உயிருக்கு நான் கேரண்டி தர முடியாது. மசோதாவைத் தள்ளி வச்சிடுங்க."

"தள்ளி வச்சா, இவ எதுக்குச் செத்தா?"

அதிகாரி ஃப்ளாஸ்க்கை மூடி மேஜையோரம் வைத்தார்.

"ஃப்ளாஸ்க்கை எங்கேயாவது தனியா விட்டீங்களா?"

"வெளியே வராந்தா மேஜையில கால் மணி நேரம் இருந்தது. எல்லா எம்.பி.யும் அந்த வழியாத்தான் போறாங்க."

"ஐநூறு பேரும் சந்தேகக் கேஸா! அதுல உங்களை வெளிப்படையா மிரட்டினவர்?"

"சீனியர்."

ஆறு தடவை ஜெயித்து, ஏழாவதுக்கு வேட்டி சட்டையைச் சலவைக்குப் போட்டு வைத்திருக்கும் கிழவர். 'இந்த மசோதா வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்' என்று கமிட்டியிலேயே மேஜையைத் தட்டியவர்.

பத்து இருபதுக்கு அவரை அழைத்து வந்தார்கள். தரையில் துணி போர்த்திய உடலைப் பார்த்ததும் கிழவரின் உதடு துடித்தது.

"அட பாவிங்களா... சின்னப் பொண்ணாச்சே!"

"டீச்சருக்குப் போன் பண்ணி மிரட்டினது நீங்கதானே?" அதிகாரி பாய்ந்தார்.

"யோவ்! நான் திட்டணும்னா மூஞ்சிக்கு நேரே திட்டுவேன். போன்ல பேச எனக்கென்ன பயமா? ஏம்மா டீச்சர், இப்பவும் சொல்றேன், அந்தப் பதினோராவது பிரிவு அயோக்கியத்தனம்! அதுக்காகக் கொலை பண்ணுவேனா?"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எத்தனாவது பிரிவு?"

"பதினொண்ணு. ரெண்டு தடவைக்கு மேல நிக்கக் கூடாதுங்கற பிரிவு. படிச்சுப் படிச்சு மனப்பாடமே ஆயிடுச்சும்மா!"

டீச்சர் ஒரு பிரதியைப் புரட்டினாள். பதினொன்றேதான்!



"ஆபீசர்... போன்ல பேசினவன் ஒன்பதாவது பிரிவுன்னு சொன்னான்."

"தப்பா சொல்லியிருப்பான்."

"இல்லை. நான் கையால எழுதினப்போ அது ஒன்பதுதான். சட்ட வரைவு ஆபீஸுக்கு எந்த மசோதா போனாலும் முன்னாடி ரெண்டு பிரிவு சேர்ப்பாங்க. சட்டத்தோட பேரு ஒண்ணு, வார்த்தைகளுக்கு விளக்கம் ஒண்ணு. அதனால ஒன்பது பதினொண்ணாச்சு. எம்.பி.க்கள் எல்லாரும் அச்சான பிரதியைத்தான் பாத்திருக்காங்க."

"உங்க கையெழுத்துப் பிரதியை யார் பாத்தது?"

"வரைவு ஆபீஸ்ல ஆளுங்க பாத்தாங்க. ஆனா ஒன்பதைப் பதினொண்ணா மாத்தினதே அவங்கதான். மத்தபடி அது என் வீட்டைத் தாண்டலை." அவளுடைய குரல் உடைந்தது. "சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதினேன். எதிர்ல... ஒருத்தர்தான் இருந்தார்."

அதிகாரி ஃப்ளாஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்தினது?"

"அதே ஒருத்தர்."

டீச்சர் வீட்டுக்கு டயல் செய்தாள். வீடு எதிர்ச் சாரியில்தான். எம்.பி.க்களுக்கான இலவசக் குடியிருப்பு.

"என்னங்க..."

மறுமுனையில் கணவரின் குரல் திணறியது.

"நீ... நீயா பேசறே?"

"வேற யாரு பேசுவா? உதவியாளர் மயங்கி விழுந்துட்டா. உடனே வாங்க."

பத்து நிமிஷத்தில் கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார். உடலை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லைங்க. ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? இந்தாங்க, வெந்நீர் குடிங்க."

அதே ஃப்ளாஸ்க். விஷ வெந்நீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, கழுவித் துடைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பியது என்று அவருக்குத் தெரியாது. கோப்பையை நீட்டியதும் இரண்டடி பின்வாங்கினார்.

"வேணாம்!"

"ஒரே ஒரு மடக்கு."

"வேணாம்னு சொல்றேன்ல! கிட்ட கொண்டு வராதே!"

கோப்பையைத் தட்டிவிட்டார். தண்ணீர் பட்ட விரல்களைச் சட்டையில் தேய் தேய் என்று தேய்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அதிகாரி வெளியே வந்தார்.

"வெறும் தண்ணிக்கா சார் இவ்வளவு பயம்? எம்.பி. மாதிரி போன்ல மிரட்டினா, பழி அவங்க மேல போகும்னு நெனச்சீங்களா?"

கணவரின் முகம் வெளிறியது.

"ஏங்க? உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?" டீச்சர் வாய்விட்டு அழுதாள்.

"என்ன குறையா? வேலையை விட்டுட்டுப் பத்து வருஷம் உன் பின்னாடி மாலையையும் சால்வையையும் தூக்கிட்டு அலைஞ்சேன்! எம்.பி. செத்தா குடும்பத்துக்கு ஆயுசு முழுக்கப் பென்ஷன், வீடு... ரெண்டையும் ஒழிக்கப் போறே. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ போனாத்தான் எனக்கு அது கிடைக்கும்!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மசோதாவைக் கையில் எடுத்தாள். மணி பத்து ஐம்பத்தெட்டு.

விலங்கு மாட்டிய கையோடு கணவர் கதறினார்.

"இப்படி என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறியேடி!"

டீச்சர் வாசலில் நின்று திரும்பினாள்.

"நடுத்தெருவா? போற இடத்துல வீடு இலவசம், சாப்பாடு இலவசம், வாசல்ல இருபத்து நாலு மணி நேரமும் காவல். அந்தச் சலுகையில மட்டும் எங்க கமிட்டி கையே வைக்கலைங்க!"