லீக்ஸுக்கு அடியில் தீபாவளி

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பழனியாண்டி மாமா டிவியில் வந்தார்.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் அந்த லயத்திலிருந்து இதற்கு முன்பு யாரும் டிவியில் வந்தது கிடையாது. முதல்முதலாக வந்தவர் கொஞ்சம் சிரித்த முகமாக வந்திருக்கலாம்.

"பொருளாதார நெருக்கடியால் மலையகத்தில் தீபாவளி களையிழந்து காணப்படுகிறது" என்றார் செய்தி வாசித்த அக்கா. மஸ்கெலியா கடைவீதியைக் காட்டினார்கள். துணிக்கடையில் ஆளே இல்லை. வாசலில் ஒரு நாய் மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது. அடுத்தது பழனியாண்டி மாமா. ஒரு கையில் வெறும் பை, இன்னொரு கை கன்னத்தில்.

"ஐயா, இந்தத் தீபாவளி எப்படி?" என்று ஒருவர் மைக்கை நீட்டினார்.

மாமா வாயைத் திறக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"இவரிடம் வார்த்தை இல்லை, கண்ணீர்தான் இருக்கிறது" என்று மைக் பிடித்தவர் முடித்தார்.

மூன்றாம் வீட்டு வினோதாவுக்குப் பத்து வயது. அவளும் தம்பி லோஜனும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நிஷாந்தி டிவியை நிறுத்தினார்.

"பாவம் பழனியாண்டி அண்ணன். பக்கத்துல ஒரு மனுசன் இப்பிடி அழுவுறப்ப, நாம மணக்க மணக்க சுட்டுத் தின்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப முறுக்கு இல்லையா?" லோஜனின் உதடு பிதுங்கியது.

"கொஞ்சமா சுடுவோம். வெளிய தெரியாம சுடுவோம். ஆனா தட்டு அனுப்ப வேணாம்."

வினோதாவுக்குத் திக்கென்றது. தீபாவளியன்று பலகாரத் தட்டுகளை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போவது அவள் வேலை. போகும் வழியில் ஒன்று, வரும் வழியில் ஒன்று என்று வாய்க்குள் போகும். அது கணக்கில் வராது.

"ஏம்மா அனுப்பக் கூடாது?"

"வந்த தட்ட வெறுந்தட்டாத் திருப்பிக் குடுக்க யாருக்காவது மனசு வருமா? இல்லாதவங்க என்னத்த வச்சுத் தருவாங்க? சங்கடப்படுவாங்க புள்ள."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வினோதாவும் மஸ்கெலியாவுக்குப் போனார்கள். கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. விலையைக் கேட்டு அம்மா இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். தனக்குச் சேலை வேண்டாம் என்றார். வினோதாவுக்கு ஒரு சட்டை, லோஜனுக்கு ஒரு சட்டை, மாவு, எண்ணெய். எல்லாவற்றையும் பையின் அடியில் வைத்து, மேலே வெங்காயத்தாள் மாதிரி நீளமான லீக்ஸை ஒரு கட்டு வைத்து மூடினார்.

பஸ்ஸில் இரண்டாம் வீட்டு ராசம்மா பெரியம்மா இருந்தார். அவர் பையிலும் மேலே லீக்ஸ்.

"சும்மா, காய் வாங்க வந்தேன்" என்றார் பெரியம்மா.

"நாங்களும் காய்க்குத்தான் அக்கா" என்றார் அம்மா.

வினோதா பஸ்ஸுக்குள் சுற்றிப் பார்த்தாள். இன்னும் நாலைந்து பைகளில் மேலே லீக்ஸ். நம் லயத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் லீக்ஸ் மீது எப்படி இவ்வளவு ஆசை வந்தது?

மறுநாள் சாயங்காலம் அம்மா ஜன்னலில் சாக்கை அடைத்துவிட்டு முறுக்குப் பிழிந்தார். ஆனால் லயத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அந்த இடைவெளி வழியாகப் புகை நிம்மதியாக ஊர் சுற்றும். இவர்கள் முறுக்கு வாசம் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு வாசம் இந்தப் பக்கம் வந்தது.

"பெரியம்மா, அங்க என்ன மணக்குது?" சுவருக்கு மேலே பார்த்துக் கேட்டாள் வினோதா.

"மண்ணெண்ணெய்டி."

"வெல்லம் போட்ட மண்ணெண்ணெயா?"

பெரியம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். பிறகு அந்தப் பாட்டையும் மீறி, "ஆமா, உங்க வீட்டுல என்ன மணம்?" என்றார்.

"லோஜன் தலைக்கு எண்ணெய் காய்ச்சுறேன்க்கா" என்றார் அம்மா. லோஜன் பதில் சொல்லப் போனான். அவன் வாயை அம்மாவின் கை பொத்தியது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வினோதா பழனியாண்டி மாமாவைப் பார்த்தாள். மாமாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன் பாப்பா, நம்ம லயத்துக்கு என்ன ஆச்சு? என்னயக் கண்டா எல்லாரும் பேச்ச நிப்பாட்டிர்றாங்க. நேத்து ஒருத்தன் என் தோளத் தட்டி, எல்லாம் சரியாயிரும் அண்ணேங்கிறான். என்ன சரியாவும்?"

"நீங்கதான் டிவியில அழுதீங்களே மாமா."

"நானா? அட, கடவாப் பல்லு புடுங்கிட்டு வந்தேன் பாப்பா. பஞ்ச வச்சு, வாயத் தொறக்காதேன்னு டொக்டர் சொல்லிட்டாரு. மருந்தோட வேகம் எறங்கி உசுரு போற வலி. அப்ப பாத்து அந்தத் தம்பி மைக்க நீட்டுது."

"பை வெறும் பையா இருந்துச்சே?"

"உங்க அத்தை வெங்காயம் வாங்கச் சொன்னா. பல்லு வலியில மறந்துட்டேன். அதுக்கு வேற திட்டு."

"கடையில ஆளே இல்லையே?"

"வேலை நாள்ல பத்து மணிக்கு யாரு இருப்பா? எல்லாரும் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. நெருக்கடிதான், இல்லேங்கல. கொறைச்சுத்தான் வாங்குறோம். வாங்காமலா இருக்கோம்?"

"அப்ப உங்க வீட்டுல பலகாரம்?"

மாமா இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லட்டு. உங்க அத்தை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. எல்லாரும் கஷ்டத்துல இருக்காங்கன்னு டிவியில சொன்னாங்கல்ல. அவங்க மனசு நோகக் கூடாதுல்ல பாப்பா."

வினோதா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆனால் அம்மா நம்பவில்லை.

"மானத்துக்காக அப்பிடிச் சொல்லியிருப்பாரு. தன் கஷ்டத்த எந்த மனுசன் வாய் தொறந்து சொல்லுவான்?"

சரி, வாயால் சொல்லிப் பயனில்லை என்று வினோதாவுக்குப் புரிந்தது.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். வெறுந்தட்டு. அதோடு ஆறாம் வீட்டுக்கு, பழனியாண்டி மாமா வாசலில் போய் நின்றாள். தட்டைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள்.

"ஐயோ, எம்புள்ள" என்றார் அத்தை. அரிசி வாளி திறந்தது. தட்டு நிறைய லட்டு.

வினோதா அதை அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "பழனியாண்டி மாமா வீட்டுலருந்து."

அம்மா லட்டைப் பார்த்தார். வினோதாவைப் பார்த்தார். "அடி கள்ளி" என்றார். வந்த தட்டுக்கு மாற்றுத் தட்டு போகாமல் இருக்க முடியுமா? கட்டிலுக்கு அடியிலிருந்து முறுக்கு டின் வந்தது.

அந்த டின் மூடி திறந்த சத்தம் கூரை இடைவெளி வழியாக ராசம்மா பெரியம்மாவுக்குக் கேட்டது.

"நிஷாந்தி, அது என்னா சத்தம்?"

"முறுக்கு டின்னுக்கா. உங்க மண்ணெண்ணெயில ரெண்டு குடுத்து விடுங்க."

அந்தப் பக்கம் பெரியம்மா சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. அப்புறம் ஆறு வீட்டிலும் டின்கள் திறந்தன. வினோதாவுக்கும் லோஜனுக்கும் ஓட ஓட வேலை. அந்தத் தட்டுகள் ஒன்றுகூட முழுசாகப் போய்ச் சேரவில்லை.

அழுத மனுசன் என்று பழனியாண்டி மாமா வீட்டுக்குத்தான் எல்லாரும் அள்ளி அனுப்பினார்கள். பெரியம்மாவின் அதிரசத்தைத் தவிர மற்றதெல்லாம் முறுக்கு. கல்லு மாதிரி முறுக்கு. அதிரசத்தை வரும் வழியிலேயே லோஜன் பார்த்துக்கொண்டான்.

மாமா ஒரு முறுக்கை எடுத்துப் பார்த்தார். இருக்கிற பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். வினோதா உள்ளே போய்ச் சூடாகத் தேத்தண்ணி வாங்கிவந்து, முறுக்கை உடைத்து அதில் போட்டாள்.

"ஊறட்டும் மாமா. அஞ்சு நிமிசம்."

மாமா வாசலில் உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்தபடி கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்.

"மாமா, கைய எடுங்க" என்றாள் வினோதா. "டிவிக்காரங்க வந்துறப் போறாங்க."