வற்றிய கிணற்றில் ஓடிய மோட்டார்

நாடாவின் நுனியில் கட்டியிருந்த ஈயக்குண்டு காய்ந்துபோய் மேலே வந்தது. மோட்டார்காரன் அதை விரலால் தடவிப் பார்த்தான். வெறும் புழுதி. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறதென்று தினம் சாயங்காலம் நாடா விட்டு அளப்பது அவன் வேலை. நேற்றுவரை குண்டு நனைந்துதான் வந்தது. இன்று நாடா முழுவதும் இறங்கியும் பொட்டு ஈரமில்லை. ஆனால் பக்கத்திலேயே, தொடைப் பருமனுள்ள குழாய் வழக்கம்போல் தண்ணீரைத் தொழிற்சாலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. எப்போதும் சில்லென்றிருக்கும் அந்தக் குழாய் இன்று காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்றிருந்தது. 'இல்லாத தண்ணி எப்படிடா ஏறுது?' என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிற கம்பெனி அது. ஊர்க் கிணறுகள் வற்ற வற்ற பாட்டில் விற்றது. பாட்டில் விற்க விற்க மிச்சக் கிணறுகளும் வற்றின. அருமையான வியாபாரம், போங்கள்! வெயில் ஒரு டிகிரி கூடினால் மேலிடத்தில் ஒரே கொண்டாட்டம். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு கருவி உண்டு. கோடை தொடங்கியதும் அது அடிக்கடி நிறுத்தித் தொலைத்தது. "அந்தச் சனியன் வாயக் கட்டுய்யா" என்றார் சூப்பர்வைசர். இவன் அதன் இரண்டு வயர்களையும் முறுக்கி, டேப் சுற்றிவிட்டான். இனி தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது மோட்டாருக்குத் தெரியாது. மோட்டார் ஓட்டுகிற எல்லாரும் செய்கிற வேலைதானே? மாட்டேனென்றால் வேலையோடு மதில் பின்னாலிருக்கும் கம்பெனி வீடும் போகும். ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது?

தண்ணீரைச் சோதிக்கப் பெரிய குழாயில் வைத்திருந்த சின்னத் திருகைத் திறந்து ஒரு வாய் பிடித்தான். கண்ணாடி மாதிரி தெளிவு. நாக்கில் பட்டதும் துப்பினான். உப்பு. கடல் உப்பில்லை, வியர்வை வழிந்து உதட்டில் படுமே, அந்த உப்பு.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, குழாய்ல தண்ணி வரல."

"காத்து அடைச்சிருக்கும். கொஞ்சம் திறந்து விடு."

"திறந்துதாங்க இருக்கு. உள்ள இழுக்குது. துடைக்கிற துணிய வச்சேன், வெடுக்குனு பிடிச்சுக்கிச்சு. ஈரத் துணிங்க அது. எடுத்துப் பார்த்தா மொடமொடன்னு காஞ்சு கிடக்குது."

கம்பெனி வீடுகளுக்கும் இதே குழாயிலிருந்துதான் கிளை போகிறது.

"பாப்பா என்ன பண்றா?"

"தாகம் தாகம்னு உயிர வாங்குறா. குடம் நிறைய வச்சிருந்தேன். இப்ப பார்த்தா அடியில கூட ஒண்ணுமில்ல. எனக்குமே நாக்கு ஒட்டிக்கிச்சுங்க. சீக்கிரம் வாங்களேன்."

"பாப்பாவக் குழாய்கிட்ட விடாத. கேக்குதா? கிட்டவே விடாத!"

பதிலுக்கு ஒரு உறிஞ்சல் சத்தம் மட்டும் வந்தது. இணைப்பு அறுந்தது.

சுவிட்சை நோக்கி ஓடினான். மோட்டார் அறைக் கதவருகே சூப்பர்வைசர் வழி மறித்தார்.

"எங்கய்யா கை போகுது? ஏழு லாரி வெளிய நிக்குது."

"சார், கிணத்துல தண்ணி இல்ல சார். சத்தியமா இல்ல."

"இல்லாமத்தான் அங்க பாட்டில் நிறையுதா? வந்தா எடு, அவ்வளவுதான். எங்கிருந்து வருதுன்னு கேக்கவா உனக்குச் சம்பளம்?"

சொல்லும்போதே அவர் உதடு வெடித்தது. ரத்தம் கசியவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னும் எத்தனை பெட்டி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் சருகுபோல் ஒன்றோடொன்று உரசுவது இவனுக்குக் கேட்டது.

அவரைத் தள்ளிவிட்டான். டேப்பைப் பிய்த்து வயர்களைப் பிரித்தான். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் நிற்கவில்லை. சுவிட்சை இறக்கினான். ஃப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். சுவிட்சுப் பெட்டி செத்துக் கிடந்தது. மோட்டார் ஓடியது. கரண்டே இல்லாமல், சீராக, மூச்சு விடுகிற மாதிரி ஓடியது.

ஐயோ, மகளே!

பின்கேட் வழியே ஓடினான். இருட்ட இன்னும் நேரமிருந்தது. வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. வேலியோரச் செடிகளெல்லாம் அவன் கண்ணெதிரே சுருண்டன. கொடியில் அப்போதுதான் உலர்த்திய துணிகள் விறைத்துத் தொங்கின. பக்கத்து வீட்டு நாய் மண்ணோடு மண்ணாகத் தட்டையாய்ப் படுத்திருந்தது. அவன் தாண்டிப் போனபோதும் தலையைத் தூக்கவில்லை. தரைக்கடியில், அவன் காலடியோடு கூடவே, ஏதோ இழுத்து இழுத்து விழுங்கிக்கொண்டு வந்தது. தொண்டை வறண்டது. கூப்பிட வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

கதவு திறந்திருந்தது.

மனைவி சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு சொட்டு இல்லை.

"இழுத்துப் பார்த்தேங்க," என்றாள். குரல் காகிதம் கிழிவதுபோல் இருந்தது. "வரமாட்டேங்குறா."

உள்ளே, பாத்திரம் கழுவும் தொட்டிமுன் முக்காலி. அதன்மேல் மகள், எக்கி நின்றபடி. தண்ணீர் வரும் வரும் என்று குழாயில் வாய் வைத்திருக்கிறாள். உதடு விடவில்லை.

"பாப்பா."

முதுகுப்பக்கம் சட்டை தொளதொளத்தது. காலையில் அவனே பொத்தான் போட்டுவிட்ட சட்டை. இறுக்கமாக இருக்கிறதென்று சிணுங்கினாள்.

இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினான். கனமே இல்லை. தூக்கத் தூக்கக் கைக்குள் மடிந்தாள், வாய் மட்டும் குழாயிலிருந்து வரவில்லை.

கண் மட்டும் அப்பாவைப் பார்த்தது. உயிரோடுதான். இமைக்க முயன்றது, முடியவில்லை.

சுவருக்குள் குழாய் ஒரு மடக்கு விழுங்கியது.

மகளின் கன்னம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

இன்னொரு மடக்கு.