கிளறன்ஸ் அழுத அளவு

மாலை 4.16. கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு சின்னக் கண் கிளினிக். டாக்டர் நுகேகொடையிலிருந்து இன்னும் வரவில்லை. சோதனை அறைக் கதவைத் திறந்த உதவியாளர் ஆதிபா, "அங்கிள், கண்ணைத் திறங்க, முடிஞ்சிட்டு" என்றாள். நாற்காலியில் தலையணையோடு சாய்ந்திருந்த நோயாளி கிளறன்ஸ் திறக்கவில்லை. கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்கக் கீழிமைகளில் செருகிய காகிதப் பட்டைகள் இரண்டும் நனைந்து கன்னத்தில் தொங்கின. மனிதர் செத்துப்போயிருந்தார்.

4.50. இன்ஸ்பெக்டர் நபீஸ் வந்தார். காற்றுப் பட்டால் கண்ணீர் அளவு பிழையாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் பிணம் அழுதுகொண்டிருந்தது. நபீஸ் பயந்த சுபாவக்காரர் அல்ல. ஆனாலும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பொலிஸ் வைத்தியர் இமையை விரித்தார். உள்ளே சிவப்புப் புள்ளிகள். "மாரடைப்பு இல்லை. தலையணையால அமத்தியிருக்கு."

அறைக்குள் போனவள் ஆதிபா ஒருத்திதான் என்று ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"தங்கச்சி, நடந்ததைச் சொல்லுங்க."

"நாலு பத்துக்குப் பட்டை வெச்ச சேர். அஞ்சு நிமிசம் கண்ணை மூடிட்டு இருக்கணும். நான் வெளிய டைமரோட இருந்த. அல்லாஹ் மேல சத்தியமா நான் ஒண்டும் செய்யல்ல."

சுவரில் ஓர் அட்டவணை: பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்ல கண். கிளறன்ஸின் பட்டைகள் இரண்டிலும் சரியாக இருபது. மேசையில் உப்புநீர்க் குப்பி. மத்தியானம் காலியாக்கிய குப்பைக்கூடையில் பட்டை உறைகள் இரண்டு. ஓர் உறையே இரண்டு கண்ணுக்கும் போதும். இன்று வந்த நோயாளியும் கிளறன்ஸ் ஒருவர்தான்.

5.20. கிளறன்ஸின் அக்கா மகன் றமேஷ். மூன்று மாதத்துக்கு முன் மாமியின், கிளறன்ஸின் மனைவியின், செத்தவீட்டுக்குக் கட்டாரிலிருந்து வந்து, ஹெந்தளையில் தங்கிவிட்டவன். மாமாவோடு கிளினிக்குக்கு வந்தது இன்றுதான் முதல் தடவை.

"எங்க இருந்தீங்க?"

"பின்னால டொய்லட்டுக்குப் போனனான்."

"அந்தப் பக்கம் இந்த அறைக்கு ஒரு கதவு இருக்கு."

"எனக்குத் தெரியாது சேர். மாமா இளகின மனுசன். மாமியின்ர பெட்டியை மூடேக்க அழுத அழுகை! சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு."

5.40. கிளறன்ஸின் தங்கை பேர்ணடெற். அந்த நேரம் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போனாளாம், பார்த்தவர் யாருமில்லை. வருகிற திங்கட்கிழமை கிளறன்ஸ் வீட்டை அவள் பெயருக்கு எழுதுவதாக இருந்தார்; அதுவரை பழைய உயில்படி அது றமேஷுக்கு. அவள் கைப்பையில் செயற்கைக் கண்ணீர்க் குப்பி.

"மணித்தியாலத்துக்கு ஒருக்கா அண்ணனுக்கு நான்தான் விடுறனான்."

"செத்தவீட்டிலயும்?"

அவள் தலை குனிந்தாள். "பெண்சாதி செத்தும் மனுசன்ர கண்ணில சொட்டுத் தண்ணி இல்லையெண்டு சனம் கதைக்குமே, சேர். பெட்டி மூட முதல் அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் அரைக் குப்பி ஊத்தினனான். அவர் உள்ளுக்குள்ள அழுதவர். கண்தான் அழேல்லை."

நபீஸ் ஆதிபாவிடம் கிளறன்ஸின் பழைய பதிவுகளை வாங்கினார். பதினொரு மாதச் சோதனை. பதினொரு தடவையும் வலது இரண்டு மில்லிமீட்டர், இடது இரண்டு.

6.05. மூவரும் முன்னால் நின்றார்கள்.

"தலையணை அமத்தினப்போ பட்டை கசங்கி விழுந்திட்டு. மாரடைப்பு மாதிரிக் காட்ட வேற பட்டை வெச்சாங்க. செத்த கண்ணில நீர் ஊறாது. அதால உப்புநீர் விட்டு, சுவரைப் பார்த்து, நல்ல கண்ணோட அளவுக்கு நனைச்சாங்க. ரெண்டுக்கு மேல வராதெண்டு ஆதிபாக்குத் தெரியும். பேர்ணடெற் அன்ரிக்கும் தெரியும். செத்தவீட்டில அவர் அழுததை நம்பினது நீங்க மட்டும்தான், றமேஷ். வீடு கைமாற முதல் முடிச்சிட்டீங்க."

றமேஷின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. நபீஸ் அதைப் பிடித்து, கசங்கிய இரண்டு பட்டைகளை வெளியே எடுத்தார். ஈரம் ஏறிய இடம்வரை நீலச் சாயம் படிந்திருந்தது.

ஆதிபா பழக்கதோஷத்தில் அளவு பார்த்தாள். "ஒண்டுல ரெண்டு." மற்றதை வெளிச்சத்தில் பிடித்தாள். திரும்பவும் அளந்தாள். "இதுல ஆறு, சேர்."

"அவருக்கு ஆறு வந்திருக்கா?"

"ஒரு நாளும் இல்ல. கண்ணைத் திறந்து பார்த்திருக்கார் போல."

பேர்ணடெற் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். றமேஷை அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை.

"பெண்சாதிக்கு வராத கண்ணீர்," என்றாள், "உன்னைக் கண்டு வந்திருக்கடா."