ஒற்றைக் குரலுக்குப் போன பதில்

அந்தப் பொம்மை "இங்கிட்டு" என்று சொன்னதுதான் முதல் கோளாறு.

பச்சை டைனோசர். பானை வயிறு, ஊதா இமை, திறந்து மூடும் தாடை. அரிமளத்துக் குழந்தைகள் லீவு முழுக்கச் செல்போனில் பார்த்துத் தேய்த்த ஒரு கார்ட்டூன் படத்தில், அம்மாவைத் தொலைத்துவிட்டு, காதில் விழும் குரலையெல்லாம் அச்சாகத் திருப்பிப் பேசிக்கொண்டு காடு காடாக அலையும் டிம்பு என்கிற குட்டியின் நகல். படத்தில் அது பேசுவது, எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ எழுதி வைத்துப் படித்த தமிழ். "நண்பா, நாம் செல்லலாமா" என்கிற ரகம். கையை அமுக்கினால் பொம்மையும் அதைத்தான் சொல்ல வேண்டும். நாலைந்து முறை சொல்லவும் சொன்னது. பிறகு, யாரும் அமுக்காதபோது, தாடையைத் திறந்து, "இங்கிட்டு வா" என்றது. டக்கென்று மூடிக்கொண்டது.

ஷர்லி பயப்படவில்லை. "பரவாயில்லையே, வந்து ஒரு மணி நேரத்துல ஊர்ப்பேச்சு படிச்சிருச்சு" என்று எதிரே ஸ்டாண்டில் நின்ற செல்போனைப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்குக் குவைத்துல இத்தனை வருஷமா அரபி வரலை."

இப்படிப் பேசித்தான் அவளுக்குப் பெயர். கடைக்காரர்கள் பொம்மையை அனுப்புவார்கள். அவள் மாடி அறையில் மேசை போட்டு, அதைக் கேமரா முன் நிறுத்தி, வீடியோவில் அதன் மானத்தை வாங்குவாள். ரிமோட் காரைத் தள்ளுவண்டியோடு ஒப்பிட்டு, தள்ளுவண்டிக்குப் பரிசு கொடுத்தவள். பேசும் கரடியை மூக்கடைத்த மாமியார் என்றவள். பொம்மையோடு நின்றால் பரவாயில்லை. தெருவில் யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும், வாங்கியவர் பிரிப்பதற்கு முன்னால் ஷர்லி மாடியிலிருந்து விலையைச் சொல்லி, ஏமாந்த தொகையையும் சொல்லிவிடுவாள். அவள் கையால் தேறிய பொருள் என்று இதுவரை ஒன்றும் இல்லை. மனிதர்களும் இல்லை.

தேறிய ஒரே ஆள் பிளெஸ்ஸி. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. டிம்பு டிம்பு என்று உயிரை எடுத்ததும் அவள்தான். அம்மா பார்த்துத் தேறினால் தருகிறேன் என்று சொல்லி, கேமரா முன்னால் வந்து நிற்காமல் இருக்க, பக்கத்து வீட்டுச் செங்கமலத்திடம் சாயங்காலம் அவளை அனுப்பியிருந்தாள்.

செங்கமலம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தபோது, வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே நின்று, "ஷர்லி" என்றாள். நிறுத்தினாள். "ஷர்லி." நிறுத்தினாள். "ஷர்லி." அதற்குப் பிறகுதான் கொண்டியைத் தொட்டாள்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். இங்க என்ன மாட்டை ஏலமா விடுறாங்க?" என்று ஷர்லி மாடியிலிருந்து கேட்டாள்.

"பொழுது சாயப் போகுதுல்ல. மூணு வாட்டி கூப்புட்டாத்தான் மனுசக் குரலு. ஒத்தக் குரலுக்கு ஏன்னு கேக்கக் கூடாதுத்தா. இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எம்மவளைக் கூப்பிட்டுப் பாருங்க. முதல் வாட்டியே ஓடி வந்து நிப்பா. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். ரெண்டாவது வாட்டி கூப்பிட வச்சா அன்னைக்கு டிவி கிடையாது."

"நல்லாப் பழக்குன போ" என்றாள் செங்கமலம். சிரிக்கவில்லை. பிளெஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சிரிக்காத முகத்தை ஷர்லி கேமராவுக்கு நடித்துக் காட்டினாள். பிறகு பொம்மைக்குத் திரும்பினாள். பார்சல் அட்டை வெளியே காய்ந்துதான் இருந்தது. உள்ளே பொம்மையின் முதுகு மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது. புது பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை உண்டு, எத்தனையோ பொம்மை பிரித்த மூக்கு அவளுடையது. இதில் அது இல்லை, வற்றிய கண்மாயில் மாடு இறங்கிக் கலக்கியதும் மேலே கிளம்பி வருமே, அந்தக் கறுத்த சேற்று வாடை. "கொரியர்காரர் குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்காரு" என்று அதையும் வீடியோவில் சேர்த்தாள். இடது கையை அமுக்கிப் பெயரைச் சொன்னால் அது பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். அமுக்கி, "பிளெஸ்ஸி" என்றாள். பொம்மை கேட்டுக்கொண்டது. திருப்பிச் சொல்லவில்லை.

"செவிடு வேற" என்றாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. ஐப்பசி மழை, அரிமளத்தில் அது முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை; மேற்கே இருட்டியது தெரிவதற்குள் பின்வாசல் தகரக் கொட்டகை மேல் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போல் இறங்கி, வாழைமரங்களின் சலசலப்பையும், தெருமுனை டீக்கடைப் பாட்டையும், கடைசியில் தெருவையே விழுங்கிவிட்டது. கரண்டு போனது. மாடி அறையில் செல்போன் வெளிச்சம் மட்டும் மேசை மேல் வட்டமாக நின்றது. வட்டத்தின் விளிம்பில் ஊதா இமைகள். ஷர்லி திரும்பி ஜன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷர்லி."

செங்கமலத்தின் குரல். வெற்றிலை போட்ட அந்த நாக்குத் தடிப்புகூட அப்படியே. பிள்ளைக்கு என்னமோ என்று கொக்கியை விட்டாள்.

"என்னக்கா?" என்றாள் ஷர்லி.

கேட்டில் யாரும் இல்லை. தெருவில் தண்ணீர் ஓடியது. முதுகுக்குப் பின்னால் ஒரு டக்.

இத்தனை வருஷத்தில் செங்கமலம் ஒற்றைக் குரலில் கூப்பிட்டதே இல்லை என்பது அவளுக்கு உடனே உறைத்தது. உறைத்ததை உடனே துடைத்தும் போட்டாள். மைக் இருக்கிறது, சற்று முன் மாடிக்குக் கேட்ட குரலைப் பிடித்து வைத்துத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதானே. இதுக்குப் பேய்க்கதை கட்ட நானென்ன கிழவியா. மேசைக்கு வந்து, மழைச் சத்தத்தில் தன் பேச்சு தனக்கே கேட்காததால் வாயை நன்றாக விரித்துக் கத்தி, பொம்மையின் பல் சரியில்லை, வால் சரியில்லை, குரல் திருடுகிற புத்தி மட்டும் சரியாக இருக்கிறது என்று திட்டித் தீர்த்து, கடைசியில் எப்போதும் சொல்லும் வரியையும் சொல்லி முடித்தாள்.

பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள்.

முன்பாதி நன்றாக வந்திருந்தது. குவைத்து ஜோக், கொரியர்காரர் ஜோக், எல்லாம் கணீரென்று. மழை வந்தது. ஜன்னல் பக்கம் போய் அவள் "என்னக்கா" என்பதும் கேட்டது. அதற்கப்புறம் படத்தில் அவள் வந்து உட்கார்ந்தாள், கையை ஆட்டினாள், வாயை விரித்தாள். சத்தம் இல்லை. மழை மட்டும். ஒலியைக் கூட்டினாள். மழை கூடியது. திரையில் அவள் உதடுகள் வேகமாக அசைந்தன. பக்கத்தில், அதே வேகத்தில், சொல்லுக்குச் சொல், பொம்மையின் தாடையும் அசைந்தது.

மைக் போச்சு, என்று சொன்னாள்.

சொல்லவில்லை. உதடுதான் அசைந்தது.

மறுபடி முயன்றாள். தொண்டையைச் செருமினாள். செருமலும் இல்லை. காற்று போனது, வந்தது. கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள், உள்ளே ஒரு அதிர்வும் இல்லை, பஞ்சு அடைத்தது போல. மாதாவே, என்றாள். மாதாவுக்கும் கேட்டிருக்காது.

மேசையில் தாடை திறந்தது.

"இதுக்குப் போயி காசு குடுப்பாங்களா மக்களே?"

அவள் குரல். அவளுடைய கடைசி வரி. அந்த நக்கல் இழுப்பு, "மக்களே"யில் வரும் அந்தச் சின்ன மூக்குச் சிரிப்பு. வெளியிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு கெட்ட குரல் என்று அவளுக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். கனத்தது. பார்சலிலிருந்து எடுத்தபோது இந்தக் கனம் இல்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்து வாழைக்கூட்டத்துக்குள் வீசினாள். சேற்றில் விழுந்த சத்தத்தையும் மழை விழுங்கியது. ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மழை கொஞ்சம் விட்டது.

"ஷர்லி." பக்கத்து வீட்டுச் சுவரோரம். "ஷர்லி." நிறுத்தம். "ஷர்லி."

மூன்று முறை. செங்கமலமேதான். ஷர்லி ஜன்னலுக்குப் பாய்ந்து வாயைத் திறந்தாள். காற்று. ஜன்னல் சட்டத்தில் டம்ளரால் தட்டினாள். தகரத்தில் சொட்டிய மழையோடு அதுவும் ஒரு சொட்டாகப் போனது.

கீழே, வாழைக்கு அடியிலிருந்து, நிதானமாகப் பதில் போனது.

"என்னக்கா?"

"பின்னாடியா நிக்கிற? மழையில அங்க என்னத்தா பண்ற?"

"துணி எடுக்குறேன்க்கா."

"புள்ளை வீட்டுக்குப் போகணும்னு நிக்குது. அனுப்பவா?"

"அனுப்பி விடுங்க." ஒரு சின்ன மூக்குச் சிரிப்பு. "பின்பக்கமா வரச் சொல்லுங்க."

"முதல் ரெண்டு வாட்டி கூப்புட்டப்ப வாயைத் திறக்கலையே நீ. இன்னைக்காவது புத்தி வந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே செங்கமலம் உள்ளே போனது கேட்டது.

ஷர்லி படிக்கு ஓடினாள். இருட்டு. செல்போன் கையில். படி ஈரம், எப்படி ஈரம், அவள் இறங்கும் ஒவ்வொரு படியிலும் சேற்று வாடை. சறுக்கினாள். முழங்கால் இடித்தது. கத்த வேண்டிய வலி. கத்தவில்லை. எழுந்தாள்.

கேட் கொண்டி விழுந்தது. சின்னச் செருப்பு. சளக், சளக். சுவரோரச் சந்தில்.

பதில் சொல்லாதே. சொல்லாதே பாப்பா. மூணு தடவை வரட்டும். மூணு தடவை.

"பிளெஸ்ஸி."

அம்மாவின் குரல். ஒரு தரம்.

"இந்தா வாரேம்மா."

முதல் வாட்டியே. பழக்கி வைத்தபடியே.

பின்கதவுத் தாழ்ப்பாள். மழைக்கு ஊதியிருந்தது. இழுத்தாள். நகம் பிய்ந்தது. இழுத்தாள். திறந்தது.

டார்ச்சைப் போட்டாள்.

குடை கவிழ்ந்து கிடந்தது. வாழைத்தூரில் பொம்மை குப்புறக் கிடந்தது, முகம் சேற்றுக்குள். அதன் பக்கத்தில் பிளெஸ்ஸி நின்றாள், நனைந்து, கையைத் தொங்கப் போட்டு, நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா" என்றது சேற்றுக்குள்ளிருந்து பிளெஸ்ஸியின் குரல்.

ஒரு தரம்.

ஷர்லி அடுத்ததுக்குக் காத்திருந்தாள். மழை பெய்தது. வாழை இலையில் தண்ணீர் கொட்டியது. டார்ச் வெளிச்சத்தில் பிள்ளையின் தாடை மெல்லக் கீழே இறங்கியது, இறங்க வேண்டிய அளவுக்கும் கீழே.

மூடியது.

டக்.