இருநூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம்கள்

தூசி நகராது. பழைய படச்சுருள்களை ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து பிழைக்கிற அவளுக்கு, பதினோரு வருடத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும். தூசி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. லென்ஸில் ஒட்டிய பிசுக்கு என்றால் ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்கும். ஆனால் விண்கலத்தின் நடைவழிக் கோடியில், விளக்கு வெளிச்சம் எட்டாத மூலையில் இருந்த இந்தச் சாம்பல் கறை, ஃபிரேமுக்கு ஒரு மயிரிழை அளவு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் அதைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமை படத்தை ஒப்படைக்க வேண்டும், கறையோடு உறவு கொண்டாட நேரமில்லை. பக்கத்துச் சுவரில் சுத்தமான ஒரு துண்டை எடுத்துக் கறைமேல் ஒட்டுவதுதான் வேலை. ஒட்டினாள். அடுத்த ஃபிரேம். ஒட்டினாள். மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம்கள், திரையில் ஒன்பது விநாடிகூட வராது. துடைத்ததைத் தனிக் கோப்பாகச் சேமிக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அலுப்பில் மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருதடவையாவது செய்கிற தப்புதான்.

அது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர். இன்றும் அதற்கு உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. விண்வெளிக்குப் போகும் ஒரு குடும்பம்: கேப்டனான அப்பா, டாக்டரான அம்மா, ஏழு வயது மகள். ஒளிபரப்பலாமா என்று பார்க்க முதலில் ஒரு மாதிரிப் பகுதி எடுப்பார்களே, பைலட் என்று, அதை நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது. கதை நன்றாக இருக்கிறது, செட் நன்றாக இருக்கிறது, முகங்கள்தான் சரியில்லை என்றார்களாம். அதே செட்டில், அதே உடையில், அதே வசனத்தை வைத்து அப்பாவையும் அம்மாவையும் மட்டும் மாற்றி இரண்டாவது பைலட் எடுத்தார்கள். குழந்தையை மாற்றவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து வெளிவரப் போகின்றன. அவள் மேஜையில் இடது மானிட்டரில் முதல் பைலட், வலது மானிட்டரில் அந்தக் கறை இருந்த இரண்டாவது.

பக்கத்து அறையில் ஒலியைச் சுத்தம் செய்யும் சவுண்ட் அண்ணன் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டாவதுல சாப்பாட்டு மேஜை சீன் இருக்கில்ல, அதுல வசனம் முடிஞ்சப்புறம் அந்தக் குழந்தை ஏதோ முணுமுணுக்குது. இரைச்சல்னு நெனச்சு எடுத்துட்டேன். எடுத்தப்புறம் மனசு கேக்கல."

"என்னன்னு முணுமுணுக்குது?"

"அம்மான்னு."

"அம்மாதான் பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே?"

"அதான். அவங்களப் பாத்துச் சொல்லல."

வலது மானிட்டரில் அந்தக் காட்சியை ஓடவிட்டாள். தட்டு, கரண்டி, புது அம்மாவின் சிரிப்பு. குழந்தை புது அம்மாவின் தோளுக்கு மேலாக நடைவழிக் கோடியைப் பார்க்கிறது, உதடு அசைகிறது. புது அப்பா பேச்சை நிறுத்தாமல், சிரிப்பும் குறையாமல், இரண்டு விரலால் குழந்தையின் மோவாயைப் பிடித்து முகத்தைத் தட்டின் பக்கம் திருப்பிவிடுகிறார். குழந்தை சாப்பிடுகிறது. குழந்தை பார்த்த இடத்தில் வெறும் சுவர். அவள் ஒட்டிய சுவர்.

படச்சுருளின் ஸ்கேன் வந்த அன்று சரிபார்க்க எடுத்த அச்சுத்தாள் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கறைக்குக் காலர் இருந்தது. காலரில் இரண்டு கோடுகள். தூக்கிய ஒரு கை, ஐந்து விரல்கள். இடது மானிட்டரில் அதே இரண்டு கோட்டுக் காலரோடு முதல் அம்மா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுஷியை, அவள் தன் கையாலேயே துடைத்திருக்கிறாள். மூலக் கோப்பும் இல்லை, படச்சுருளோ ஸ்கேன் செய்ததோடு பொடிந்துபோயிருந்தது. திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

"அண்ணே, இந்த முதல் அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

"யாருக்குத் தெரியும். டைட்டில்ல பேரே இல்லயே." அவர் யோசித்தார். "நேத்து இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

அவள் வீட்டுக்கு போன் செய்தாள். அவள் கணவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன், முன்பல் ஒன்று பாதி உடைந்தவன், அதனால் பேச்சில் ஒரு சீழ்க்கை கலந்தே வரும். "என்ன தூசி டாக்டர், இந்நேரத்துல?" என்றான் அந்தச் சீழ்க்கையோடு. மகள் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள் என்றான். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆறு மணிக்கு வீட்டுப் படியேறும்போதே தாளித்த வாசனை வந்தது, குழாயில் தண்ணீர் விழும் ஓசை வந்தது, மாடிவீட்டு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் வந்தது, எல்லாம் தினமும் வருகிற வரிசையில், யாரோ எழுதிவைத்துப் படிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கதவு திறந்தது.

"தூசி டாக்டர் வந்தாச்சா?"

சீழ்க்கை இல்லை. பல் வரிசை முழுசாக இருந்தது. கணவனின் நீலச் சட்டை, பையில் ஸ்க்ரூ டிரைவர். சட்டைக்குள் வேறு ஆள்.

வீடு தவறிவிட்டது என்று நினைத்தாள். தவறவில்லை. சுவரில் அவர்கள் கல்யாணப் படம் இருந்தது. அதிலும் இந்த ஆள்தான் அவள் பக்கத்தில் நின்றான்.

"நீங்க யாரு?"

"வேலைய விட்டு வந்ததுமே வெளையாட்டா? கை கழுவிட்டு வா, குட்டி பசியோட இருக்கா."

குட்டி மேஜையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அந்த ஆளின் தோளுக்கு மேலாக, குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே போகும் நடைவழியின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள், உதட்டுக்குள்.

அவளும் பார்த்தாள். இருட்டில் ஒரு சாம்பல் கறை. நீலமாக இருந்திருக்க வேண்டிய சட்டை. வாய் திறந்து மூடியது. சத்தமில்லை. உடைந்த பல் தெரிந்தது.

"சாப்பிடும்மா," என்று அந்த ஆள் இரண்டு விரலால் குட்டியின் மோவாயைத் திருப்பினான்.

ஓடினாள். ஏழு தப்படி. போய்ச் சேர்ந்தபோது சுவர். குட்டி போன மாதம் கிறுக்கிய பச்சைக் கோடு இல்லை. நாட்காட்டி மாட்டியிருந்த ஆணி ஓட்டை இருந்தது. ஒரு சாண் தள்ளி, அதே விரிசலோடு, அதே ஆணி ஓட்டை இன்னொன்று.

அவளுக்கு அந்த வேலை தெரியும். பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்த துண்டு.

குட்டியைத் தூக்கு. வெளியே ஓடு. வேறெதுவும் வேண்டாம், குட்டி போதும்.

அழைப்பு மணி அடித்தது.

"நான் பாக்குறேன்," என்று அந்த ஆள் எழுந்தான்.

கதவருகே ஒரு பெண் குரல். "பஸ்ஸ விட்டுட்டேங்க, அதான் லேட்." தினமும் இவள் சொல்கிற சாக்கு. அதே களைப்பு, அதே பெருமூச்சு. செருப்பைக் கழற்றும் சத்தம். இவளுடைய கைப்பை மேஜைமேல் விழும் சத்தம்.

திரும்பி ஓடக் காலை எடுத்தாள். கால் வந்தது. ஒரு மயிரிழை.

கத்தினாள். வாய் திறந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். இவளுடைய உடை. இவளுடைய வளையல். வேறு முகம். சிரித்த முகம்.

இன்னொரு மயிரிழை. இடமிருந்து வலம்.

அப்போதுதான் புரிந்தது. படத்தில் பார்த்த அந்தக் கறை வெறுமனே நகரவில்லை. நடந்துகொண்டிருந்தது. முதல் அம்மா தன் குழந்தையிடம் போய்க்கொண்டிருந்தாள், உயிரைக் கொடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக.

கையைத் தூக்கினாள். ஐந்து விரல்கள். குட்டி, இங்கே. இங்கே பார்.

குட்டி நிமிர்ந்தாள். பார்த்தாள். அம்மாவைத்தான் பார்த்தாள், சந்தேகமே இல்லை. கண் நிறைந்தது. உதடு அசைந்தது.

இரண்டு விரல்கள் வந்து குட்டியின் மோவாயைப் பிடித்தன.

குட்டி தட்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்தப் பெண் ஊட்டினாள்.

நடைவழிக் கோடியில், தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, அவள் குனிந்து பார்த்தாள். பாதங்கள் இருந்த இடத்தில் சுவர். சுத்தமான சுவர். முழங்காலுக்குப் பக்கத்தில், அதே விரிசலோடு, மூன்றாவது ஆணி ஓட்டை.